நாலு பேர் குழு, டைப் அடிப்பது ஒருத்தி மட்டும்: டிஜிட்டல் ஒர்க்‌ஷீட்டை எப்படி மாற்றுவது?

லிட்மஸ்_டீச்சர்:

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 40 பிள்ளைகள், ஓடுகிற கம்ப்யூட்டர் 10, ஆக ஒன்றுக்கு நாலு பேர். அமிலங்கள், காரங்கள், உப்புகள் பாடத்துக்காக இரண்டு ராத்திரி உட்கார்ந்து கூகுள் ஸ்லைட்ஸில் ஒரு ஒர்க்‌ஷீட் தயார் செய்தேன். 12 கேள்வி, நிறைய படம், சின்னதாக ஒரு வீடியோ, எலுமிச்சை எந்தப் பக்கம், சோப்பு எந்தப் பக்கம் என்று மவுஸால் இழுத்துப் போடுகிற மாதிரி ஒன்று. சேர்ந்து வேலை செய்யும் பழக்கம் வர வேண்டும் என்பதுதான் நோக்கம், பாடம் எப்படியும் நடத்திவிடுவேன்.

நடந்ததைச் சொல்கிறேன். முதல் குழு 11 நிமிடத்தில் முடித்துவிட்டது. குழு என்ன குழு, நன்றாகப் படிக்கிற ஒரு பெண் மவுஸைப் பிடித்தாள், கடைசி வரை விடவில்லை. இன்னொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து "இது இந்தப் பக்கம்டி" என்று இரண்டு முறை சொன்னாள். மற்ற இரண்டு பேர் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பத்து குழுவில் எட்டு இதே கதைதான். கடைசி ஸ்லைடில் "நாங்கள் அனைவரும் ஒத்துழைத்தோம்: ஆம் / இல்லை" என்று வைத்திருந்தேன். பத்து குழுவும் ஆம். நாற்காலியில் சுற்றியவனிடம் நாலாவது கேள்விக்கு என்ன விடை எழுதினீர்கள் என்று கேட்டால், "அது அவ எழுதினது மிஸ்" என்கிறான்.

தப்பு ஒர்க்‌ஷீட்டிலா, பிள்ளைகளிடமா, அல்லது ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர் என்றாலே இப்படித்தானா? அப்புறம் இதற்கு மதிப்பெண் எப்படிப் போடுவது என்றும் யாராவது சொல்லுங்கள். தலைவர், எழுத்தர், நேரம் பார்ப்பவர் என்று பொறுப்பு பிரித்தும் பார்த்துவிட்டேன். நேரம் பார்ப்பவன் நேரத்தை மட்டும் நன்றாகப் பார்த்தான்.


பழைய_சாக்பீஸ்:

மேடம், பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. ஒருத்தி தனியாக 11 நிமிடத்தில் முடிக்கக்கூடிய வேலையை நாலு பேரிடம் கொடுத்திருக்கிறீர்கள், அவர்கள் புத்திசாலித்தனமாக ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். வீட்டில் ஒரு பல்ப் மாற்ற நாலு பேர் ஏணியில் ஏறுவோமா?

மற்ற மூவரிடம் கேட்காமல் முடிக்கவே முடியாது என்று ஒர்க்‌ஷீட்டே இருக்க வேண்டும். இது புதிதில்லை. எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் 1971இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் இதைத்தான் செய்தார். வெள்ளை, கறுப்பு, ஹிஸ்பானிக் பிள்ளைகளை ஒரே வகுப்பில் புதிதாக உட்கார வைத்த சமயம், ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை, சண்டை. அவர் பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். இவனிடம் இருக்கும் துண்டு அவனுக்குத் தேவை என்றான பிறகு பேசித்தானே ஆக வேண்டும். துண்டுகளைச் சேர்த்துப் படம் ஆக்குகிற புதிர் மாதிரி என்பதால் இந்த முறைக்கு ஜிக்சா என்று பேர் வந்தது.

உங்கள் அதே பாடத்துக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். ஐந்து பாட்டில், எண் மட்டும் ஒட்டியிருக்கும். உள்ளே எலுமிச்சைச் சாறு, சோப்புக் கரைசல், ஆப்ப சோடா கரைசல், உப்புத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர். எந்த எண்ணில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் பிள்ளையின் அட்டையில் லிட்மஸ் தாள் (அமிலத்தில் சிவப்பாகும், காரத்தில் நீலமாகும்) என்ன நிறமானது என்பது மட்டும். இரண்டாவது அட்டையில் எந்தப் பாட்டிலில் கம்பியை விட்டபோது மின்சாரம் பாய்ந்து எல்.இ.டி. விளக்கு எரிந்தது என்பது மட்டும். மூன்றாவதில் வினிகர் விட்டதும் பொங்கியதா இல்லையா. நாலாவது பிள்ளையிடம் ஒரு முடிவும் கிடையாது, ஐந்து பொருள்களின் பெயர்ப் பட்டியல் மட்டும்தான். ஒரே சட்டம், அட்டையைக் காட்டக் கூடாது, வாயால் சொல்லலாம்.

லிட்மஸை மட்டும் வைத்து எலுமிச்சை தெரிந்துவிடும், ஆனால் சோப்பும் சோடாவும் இரண்டுமே நீலம், உப்பும் சர்க்கரையும் இரண்டுமே மாற்றமில்லை. சர்க்கரையைப் பிரிக்க எல்.இ.டி. அட்டை வேண்டும், அதில்தான் விளக்கு எரியாது. சோடாவைப் பிரிக்க வினிகர் அட்டை வேண்டும். பட்டியல் இல்லாதவனுக்கோ எந்தப் பெயரைச் சொல்வது என்றே தெரியாது. உங்கள் வகுப்பில் முதல் மாணவி யாராக இருந்தாலும் சரி, கையில் கால் பங்குதான்.

இதை டிஜிட்டலாகச் செய்ய நாலு தனித்தனி லிங்க் போதும். கம்ப்யூட்டர் ஒன்றுதான் என்றால் அட்டைகளைக் காகிதத்தில் கொடுத்துவிட்டு, பொது விடைத்தாளை மட்டும் திரையில் வையுங்கள். எல்லாமே திரையில்தான் இருக்க வேண்டும் என்று எந்த அரசாணையும் (ஜி.ஓ.) இல்லை.


லிட்மஸ்_டீச்சர்:

சார், படித்ததும் என் 12 கேள்வியைத் திரும்பத் திறந்து பார்த்தேன். ஒன்றுகூட இப்படி இல்லை, எல்லாம் புத்தகத்தில் இருந்து எடுத்த கேள்விக்குப் படம் போட்டு மினுக்கியது. ஒரு சந்தேகம், அந்தப் பெண் நாலு அட்டையையும் "இங்கே கொடு" என்று வாங்கிவிட்டால்?


பழைய_சாக்பீஸ்:

வாங்குவாள். முதல் தடவை வாங்கத்தான் செய்வாள். நான் கடைசியில் குழுவில் ஒருவரை நானே எழுப்பி, மூன்றாம் பாட்டில் எப்படி சோடா என்று சொல்கிறாய், உன் அட்டை இல்லாமல் மற்றவர் அட்டையை வைத்துச் சொல் என்பேன். யாரை எழுப்புவேன் என்று சொல்ல மாட்டேன், அவர் சொல்வதுதான் நாலு பேருக்கும் மதிப்பெண். இரண்டாம் தடவையில் இருந்து அந்தப் பெண்ணே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுவாள், தன் மார்க் அவன் வாயில் இருக்கிறதே.


செல்_ஏ1:

நான் பள்ளி ஆசிரியர் இல்லை, ஊரில் சனிக்கிழமை அறிவியல் மன்றம் ஒன்றுக்கு உதவி செய்கிறேன். எங்களுக்குக் கைகொடுத்தது கூகுள் ஷீட்ஸ், அதுவும் குழுவுக்கு ஒன்று என்று இல்லை, மொத்த வகுப்புக்கும் ஒரே ஷீட்.

ஊசல் செய்தோம். நூலில் இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு 20 அலைவுக்கு எத்தனை விநாடி என்று செல்போன் ஸ்டாப்வாட்ச்சில் பார்ப்பது. ஆறு குழு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நீளம்: 25, 36, 49, 64, 81, 100 செ.மீ. ஒவ்வொரு குழுவும் தன் வரிசையில் தன் எண்ணை மட்டும் போடும், பக்கத்தில் வரைபடம் தானாக வந்துகொண்டே இருக்கும், அதைப் புரொஜெக்டரில் போட்டுவிட்டோம். ஒர்க்‌ஷீட்டில் கேள்வி ஒன்றே ஒன்று: 121 செ.மீ. நூலுக்கு எத்தனை விநாடி ஆகும்? அந்த நீளம் எந்தக் குழுவிடமும் கிடையாது, தன் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

எண்கள் வந்தன. 20, 24, 28, அப்புறம் 30.5, அதற்குப் பிறகு 36, 40. புள்ளிகள் ஒழுங்காக ஏறிக்கொண்டே போகின்றன, 64 செ.மீ. குழுவின் புள்ளி மட்டும் கீழே தொங்குகிறது. அவ்வளவுதான், மற்ற ஐந்து குழுவும் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. உன் நூல் நீளம் சரியா, கொக்கியில் இருந்து அளந்தாயா, நட்டின் நடு வரைக்கும் அளந்தாயா, எல்லாம் சரி. மறுபடி செய்து காட்டு என்றார்கள். அந்தப் பையன் நட்டை விடும்போது "ஒண்ணு" என்று சொல்லி ஸ்டாப்வாட்ச்சை அழுத்துகிறான். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் கண்டுபிடித்தாள், "அண்ணா, விடும்போது பூஜ்யம்னு சொல்லணும், நீங்க எண்ணினது 19தான்." திரும்ப எண்ணினார்கள், 32. பிறகு ஒரு பையன் நீளங்களைப் பார்த்துவிட்டு, இது 5, 6, 7, 8, 9, 10இன் வர்க்கம், விநாடி அந்த 5, 6, 7இன் நாலு மடங்கு, 121 என்பது 11இன் வர்க்கம், அப்படியென்றால் 11க்கு 44 என்றான். ஜன்னல் கம்பியில் 121 செ.மீ. கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தோம், 44ஐ ஒட்டித்தான் வந்தது.

நான் அன்றைக்கு ஒத்துழைப்பு என்ற வார்த்தையையே சொல்லவில்லை. ஒருவருடைய தப்பு எல்லோருடைய வரைபடத்தையும் கெடுத்தது, அதனால் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். கத்துக்குட்டியாக எனக்குத் தோன்றுவது, தப்பு வெளியே தெரிகிற மாதிரி ஒர்க்‌ஷீட் இருக்க வேண்டும், ஆனால் கண்டுபிடித்துச் சொல்பவர் ஆசிரியராக இருக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. லிங்க் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று விட்டால், லாகின் செய்யாதவர்களுக்குக் கூகுள் ஒரு மிருகத்தின் பெயரைக் கொடுக்கும். எங்களுக்கு "அனானிமஸ் கேப்பிபாரா" வந்தது. கேப்பிபாரா என்றால் என்ன, அது எலியா பன்றியா என்று பத்து நிமிடம் போனது. அதைவிடப் பெரிய சிக்கல், யார் எதை மாற்றினார்கள் என்று வெர்ஷன் ஹிஸ்டரியில் பார்த்தால் பெயர் வராது. அதனால் ஒவ்வொரு வரியின் முன்னாலும் எழுதியவரின் பெயரின் முதல் எழுத்தைப் போடச் சொல்லிவிடுங்கள். பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளின் சொந்த ஜிமெயிலில் எதையும் திறக்க வைக்காதீர்கள்.

இணையம் விட்டு விட்டு வரும் இடமென்றால் ஃபெட் (PhET) சிமுலேஷன்களைப் பாருங்கள், திரையிலேயே செய்து பார்க்கிற அறிவியல் சோதனைகள். கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது, இலவசம். ஹெச்.டி.எம்.எல். 5இல் உள்ளவற்றை ஒரே ஃபைலாக இறக்கிப் பென்டிரைவில் எடுத்துப் போய்விடலாம். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவுக்கும் ஒன்று இருக்கிறது, உங்கள் பாடத்துக்குப் பொருந்தும். ஆனால் அதையும் "விளையாடிப் பார்த்து விடை எழுது" என்று கொடுத்தால் பழைய கதைதான், மவுஸ் ஒன்றுதானே.


ஒத்துக்கொள்ளாதவன்:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் எதிரே உட்காருகிறேன்.

20 வருடமாக வேதியியல் எடுக்கிறேன். குழு வேலை என்றாலே வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பதுதான் என் அனுபவம். அட்டையைப் பிரித்தால் பேசுவார்கள், சரி. ஆனால் யோசிப்பார்களா? என் அட்டையில் இருப்பதை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளலாமே. யோசிக்கிறவள் அப்போதும் அதே பெண்தான், மற்ற மூவரும் அவளுக்குத் தகவல் கொண்டுபோகும் தபால்காரர்கள்.

நான் ஒன்றே ஒன்று செய்வேன். முதல் மூன்று நிமிடம் யாரும் யாரிடமும் பேசக் கூடாது. ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி, அதில் அவரவர் ஊகத்தையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுத வேண்டும், தப்பானாலும் பரவாயில்லை, எழுதிய பிறகு அழிக்க முடியாது. கூகுள் ஃபார்ம்ஸில் வைத்தால் அனுப்பிய பிறகு திருத்த முடியாதபடி வைக்கலாம். அதற்குப் பிறகுதான் குழுத் தாள் திறக்கும். அதில் முதல் கேள்வியே "உங்களில் யார் யார் எதில் வேறுபட்டீர்கள்?" என்பதுதான். ஒருவரும் வேறுபடவில்லை என்று எழுதினால் கேள்வி ரொம்ப எளிது என்று அர்த்தம், அடுத்த வருடம் மாற்றிவிடுவேன்.

மதிப்பெண் கேட்டீர்கள். பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு வைக்கிற பிசா (PISA) தேர்வில் 2015இல் கூட்டாகச் சிக்கலைத் தீர்க்கும் திறனைத் தனியாகச் சோதித்தார்கள், 52 நாடுகளிலும் பிரதேசங்களிலும். (இந்தியா அதில் இல்லை.) அதில் கூட்டாளியாக வந்தது மனிதரே இல்லை, கம்ப்யூட்டர் நிரல். அது ஏதோ சொல்லும், மாணவர் பதிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வினோதம்தான், ஆனால் எதைப் பார்த்தார்கள் என்பது நமக்கு உதவும். மற்றவருக்கு என்ன தெரியும் என்று கேட்டுக்கொண்டாரா, சேர்ந்து முடிவு செய்ததைச் செய்தாரா, ஒருவர் தடம் மாறும்போது குழுவைத் திரும்பக் கொண்டுவந்தாரா, இவ்வளவுதான். சிங்கப்பூர் முதலில் வந்தது, எல்லா நாட்டிலும் பெண்கள் பையன்களை விட மேலே. உங்கள் "ஒத்துழைத்தோம் ஆம் / இல்லை" பெட்டியைத் தூக்கிவிட்டு, "இன்று உன் கருத்தை மாற்றியது யார், எந்த வார்த்தையால்?" என்று ஒரு வரி வையுங்கள். அதைப் பொய்யாக எழுதுவது கஷ்டம், இரண்டு தாளைப் பக்கத்தில் வைத்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.


வடமராட்சி_விஞ்ஞானம்:

நான் யாழ்ப்பாணப் பக்கம், தரம் 9க்கு விஞ்ஞானம். நீங்கள் ஒர்க்‌ஷீட் என்பதை நாங்கள் செயலட்டை என்போம். ஒருவரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது, தமிழ்த் தட்டச்சு. எங்கட வகுப்பில் தமிழில் தட்டத் தெரிந்த பிள்ளைகள் ஐந்தாறு பேர்தான். ஆக விசைப்பலகை யாரிடம் இருக்கிறதோ அவர்தான் குழுவுக்கு ராசா. விஞ்ஞானத்தில் கெட்டிக்காரி என்பதால் அந்தப் பிள்ளை மவுஸைப் பிடித்தாளா, தட்டத் தெரிந்ததால் பிடித்தாளா என்று டீச்சர் ஒருக்கால் பாருங்கோ. மற்றப் பிள்ளைகள் மெத்தனமானவை இல்லை, ஒரு வரி தட்ட நாலு நிமிசம் எடுக்கும் என்று வெட்கம்.

நான் விடையை எழுதச் சொல்வதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் பகுதியை 40 செக்கனுக்குள் குரலில் பதிந்து குழுவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப வேண்டும், போன் என்னுடையதும் இன்னொரு ஆசிரியருடையதும். அல்லது கொப்பியில் கையால் எழுதிப் படம் பிடித்து ஸ்லைட்டில் ஒட்டலாம். பேசச் சொன்னவுடன் வாயே திறக்காத ஒரு பெடியன், சவர்க்காரமும் சோடாவும் ஏன் ஒன்றில்லை என்று எவ்வளவு வடிவாகச் சொன்னான் தெரியுமோ. இரண்டு மூன்று தரம் திரும்பப் போட்டுக் கேட்டனான்.


லிட்மஸ்_டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி, வியாழக்கிழமை செய்து பார்த்தேன்.

தட்டச்சு விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. போய்க் கேட்டேன். நாற்காலியில் சுற்றிய பையனுக்குத் தமிழ் விசைப்பலகையில் "ழ" எங்கே இருக்கிறது என்றே தெரியாது, கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லையாம். அதனால் திரையில் எழுதுகிற வேலையையே எடுத்துவிட்டேன், ஐந்து பாட்டில் படத்தையும் ஐந்து பெயர்ச் சீட்டையும் இழுத்துச் சேர்ப்பது மட்டும்தான். காரணத்தைக் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து ஒட்டினார்கள்.

பாட்டில்களையும் மேசை மேலே நிஜமாகவே வைத்தேன், அதுதான் நான் செய்த தப்பு. சாக்பீஸ் சார் சொன்ன மாதிரி அட்டையைப் பிரித்துக் கொடுத்து, ஒத்துக்கொள்ளாதவன் சார் சொன்ன மாதிரி மூன்று நிமிடம் வாயை மூடச் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன், ஒரு குழுவில் நாலாம் எண் பாட்டிலை எடுத்துக் குலுக்குகிறான் ஒருவன். நுரை. "மிஸ், இது சோப்பு, அட்டையே வேண்டாம்." திட்டலாமா பாராட்டலாமா என்று ஒரு நொடி புரியவில்லை. பாராட்டித்தான் விட்டேன், ஆனால் அடுத்த வகுப்புக்குப் பாட்டில் கிடையாது.

மற்றபடி சத்தம் பயங்கரம், தலைமை ஆசிரியர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆறு குழு ஐந்தையும் சரியாகச் சொன்னது. இரண்டு குழு உப்பையும் சர்க்கரையையும் மாற்றிவிட்டது, விசாரித்தால் அதில் ஒரு குழுவில் எல்.இ.டி. அட்டை வைத்திருந்த பெண் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், மெதுவாகச் சொன்னதால் யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணைத்தான் கடைசியில் எழுப்பினேன். "நான் சொன்னேன் மிஸ், இவங்கதான்..." என்று ஆரம்பித்தாள், மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள். கருத்தை மாற்றியது யார் என்ற வரியில் பாதிப் பேர் "யாரும் இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள், அதை இன்னும் பார்க்க வேண்டும்.

மற்ற இரண்டு குழுவைக் கணக்கில் சேர்க்கவில்லை, காரணம் இதுதான். அன்றைக்கு இரண்டு பேர் லீவு, அதனால் இரண்டு குழுவில் மூன்றே பேர். நாலாவது அட்டையை நடுவில் போட்டு எல்லோரும் பார்க்கலாம் என்றேன், உடனே பழையபடி ஒருத்தர் கைக்குப் போய்விட்டது. மூன்று பேருக்கு எப்படிப் பிரிப்பது?


பழைய_சாக்பீஸ்:

பெயர்ப் பட்டியலையும் வினிகர் அட்டையையும் ஒருவருக்கே கொடுத்துவிடுங்கள். அவருக்குச் சோடா எது என்று மட்டும் தெரியும், மற்ற நாலுக்கும் வாய் திறந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த இரண்டையும் மெதுவாகப் பேசுகிற பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், பெயர்கள் அவளிடம் இருந்தால் மற்றவர்கள் காதை அவள் பக்கம் வைத்துத்தானே ஆக வேண்டும்.